அச்சமும் இளிவரலும்: கடலுக்கு மீளும் மூழ்குநர்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கடலுள் மூழ்குவதைப் பற்றிய உரைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ், கடலுள் மூழ்கியவர்களின் மொழி. நெய்தல் நிலத்தை ஒரு திணையாக வகுத்த மொழி. மேலும், அச்சம் என்னும் உணர்வை ஆராய்ந்து, அது எவ்வெவற்றிலிருந்து பிறக்கிறது என்று கணக்கிட்டு இலக்கணம் செய்த மொழி. காற்றுக்கலத்தை முதுகில் சுமந்து கடலுள் இறங்கும் இக்காலத்துப் பழக்கத்தில், ஒருமுறை பயின்று பல ஆண்டு விட்டுவிட்டு மீண்டும் வருகின்றவர் ஒருவகை. அவர் படும் பாட்டை விளக்குதற்கு நம் பழைய இலக்கணம் துணை செய்கிறது. அவருக்கு வழிகாட்டுதற்கு நம் பழைய குளிகாரர் வாழ்க்கையும் துணை செய்கிறது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

இன்று 'குளித்தல்' என்றால் நீராடுதல் என்றே பொருள் கொள்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பழம்பொருள் மூழ்குதல் என்பதாகும். முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்னும் தொடர்களில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. முத்துச் சிப்பி படியும் கடலடி மேட்டினைப் 'பார்' என்றும், முத்துக்குளிப்பு நிகழ்வினைச் 'சலாபம்' என்றும் கரையோர மக்கள் வழங்கினர். பொருநை கடலோடு கலந்த இடத்தில் விளங்கிய கொற்கையின் முத்தினைச் சங்கப் பாடல்கள் பாராட்டுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும் பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்கு மூழ்கினர் என்று அந்நூல் கூறுகிறது. கடலுள் மூழ்குதல் விரும்பிச் செய்யும் விளையாட்டாக அன்று இல்லை என்பதற்கு இதுவே சான்று.

விரும்பி மூழ்கும் காலம் 1943ஆம் ஆண்டில் தொடங்கியது எனலாம். அவ்வாண்டில் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் ழாக் கூஸ்தோவும் எமில் காஞான் என்னும் பொறியாளரும் சேர்ந்து, மூழ்குபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றை அளந்து தரும் கருவி ஒன்றை உருவாக்கினர். போர்க்காலத்தில் எரிவாயுவால் ஓடிய ஊர்திகளுக்கென அமைந்த ஒரு திறப்பே அதற்கு மூலம். இக்கருவியின் வழியில் வளர்ந்த மூழ்கலையே 'ஸ்கூபா' என்கிறோம். ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. காற்றைத் தன்னுள்ளேயே கொண்ட நீரடி மூச்சுக்கருவி என்பது அதன் பொருள்.

சான்று உண்டு, பழக்கம் இல்லை

இக்கலையைக் கற்பிக்கும் அமைப்புகள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய பாடி என்னும் அமைப்பு. அதன் அடிப்படைப் பயிற்சியில் சேர்பவர் 200 மீட்டர் நீந்த வேண்டும். 10 நிமிடம் மிதக்க வேண்டும். நீச்சற்குளத்திலோ அதனை ஒத்த அமைதியான நீரிலோ ஐந்து கட்டப் பயிற்சியை முடிக்க வேண்டும். பின்னர்த் திறந்த கடலில் நான்கு முறை மூழ்கினால் போதும். 18 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதியுடையவர் எனச் சான்று கிடைத்துவிடும். அச்சான்றுக்குக் காலவரை இல்லை.

ஒருவரைக் கருதிக்கொள்வோம். முப்பதாம் வயதில், அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு, 2018 முதல் சுவராஜ் தீவு என வழங்கப்பெறும் அத்தீவுக்கு, விடுமுறையில் சென்றவர். அங்கே நான்கு நாளில் பயிற்சி முடித்துச் சான்று பெற்றார். ஊர் திரும்பினார். பணியும் குடும்பமும் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டன. இப்பொழுது நாற்பது வயதில் மீண்டும் கடலை நாடி வருகிறார். அவர் கையில் உள்ள அட்டை அவரை மூழ்குநர் என்கிறது. அவர் உடல் அதனை ஒப்ப மறுக்கிறது. முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் வெளியேற்றும் முறை, வாயிலிருந்து நழுவிய மூச்சுக்கருவியைத் தோளுக்குப் பின்னாலிருந்து கையால் துழாவி எடுக்கும் முறை, மிதவைச் சட்டையில் எவ்வளவு காற்றை நிரப்பினால் நடுநீரில் நிற்கலாம் என்னும் கணக்கு ஆகிய அனைத்தும் ஏட்டில் நினைவிருக்கும், கைகளில் இராது. நான்கே முறை செய்த ஒன்று பழக்கமாவதில்லை. பழக்கமாகாத ஒன்று பத்தாண்டு நிலைப்பதும் இல்லை. எனவே இவருடைய அச்சத்தை மனக்கோளாறு என்று தள்ளிவிடலாகாது. தம் நிலையை உள்ளபடி அறிந்த ஒருவரின் மதிப்பீடு அது.

தொல்காப்பியர் காட்டும் அச்சம்

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்துள்ளார். ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்களை அவர் வகுக்கிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் என்பன. கண்ணுக்குப் புலனாகாத ஆற்றல், கொல்லும் உயிரினம், பொருள் கவர்வோர், தண்டிக்கும் தலைமை என்று இவற்றை விரிக்கலாம்.

இந்நான்கினையும் கடலடியில் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். புதியவர் சுறாவை அஞ்சுவர், இது விலங்கச்சம். அடியற்ற நீலத்தை அஞ்சுவர். இது அணங்கச்சத்தின் சாயல் உடையது. கூட்டிச் செல்லும் பயிற்சியாளரின் கடிந்துரையை அஞ்சுவதும் உண்டு. மீண்டு வருபவர்க்கோ இவை பெரியனவல்ல. அவர் அஞ்சுவது தம் மூச்சினை. வெளியிலிருந்து வரும் எதனையும் விடத் தம் உள்ளிருந்து எழும் தடுமாற்றமே அவரைக் கலக்குகிறது. தொல்காப்பியர் கூறிய நான்கும் புறத்தே நிற்பவை. நீரடியில் தோன்றும் இவ்வச்சத்தின் களன் அகத்தே நிற்கிறது.

மூச்சின் இரு நெறிகள்

இதன் காரணத்தை அறிய நீரின் அழுத்தத்தைச் சிறிது நோக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஒரு மடங்கு என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று. 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் இருமடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும். எனவே முதற் பத்து மீட்டரிலேதான் மாற்றம் மிகப் பெரிது. மேலோட்டமான நீர் என்று அதனை எளிதாக எண்ணுதல் பிழை.

பழைய முத்துக்குளிகாரர் மேலே மூச்சை நிறைத்துக்கொண்டு இறங்கினார். ஆழத்தில் அவர் நுரையீரல் சுருங்கியது. மேலே வந்தபோது பழைய அளவுக்கே விரிந்தது. மூச்சை அடக்குவதே அவர் தொழிலின் உயிர்நாடி. காற்றுக்கலத்தோடு செல்பவர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் ஆழத்திலேயே, அங்குள்ள அழுத்தத்திற்கு ஏற்ப அடர்ந்த காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறார். அதனை அடக்கிக்கொண்டு 10 மீட்டரிலிருந்து மேலெழுந்தால் அக்காற்று இருமடங்காக விரிய முற்படும், நுரையீரல் கிழியும். ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுந்த ஆழத்திலிருந்து இவ்வாறு எழுந்து ஊறுபட்டோரும் உளர். ஆதலால் ஸ்கூபாவின் முதல் விதி, எந்நிலையிலும் மூச்சை அடக்காதே என்பது.

அஞ்சிய மனிதன் இயல்பாகச் செய்வது எதுவோ அதனையே இவ்விதி தடை செய்கிறது. நிலத்தில் திடுக்கிட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். முகத்தில் நீர் பட்டாலும் மூச்சு நிற்கிறது. அபாயம் என்றால் விரைந்து மேலே ஓட நினைக்கிறோம். இம்மூன்றும் சேர்ந்தால் நீரடியில் உயிருக்கு இறுதி. மீண்டு வருபவர் கடக்க வேண்டிய தொலைவு 18 மீட்டர் ஆழமன்று. இந்த இயல்பூக்கத்திற்கும் அவ்விதிக்கும் இடையே உள்ள தொலைவு.

மற்றொரு சுழலும் உண்டு. அஞ்சுபவர் மூச்சு விரைவாகவும் மேலோட்டமாகவும் ஓடும். அவ்வாறு ஓடும்போது கரியமிலவாயு முழுதும் வெளியேறாது. அது மிகுந்தால், காற்று இருந்தும் காற்றில்லை என்னும் உணர்வு தோன்றும். அவ்வுணர்வு அச்சத்தை மேலும் வளர்க்கும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மேலே எடுப்பதைப் போல் இருமடங்குக் காற்றைக் கலத்திலிருந்து எடுக்கிறது. எனவே அவருடைய அழுத்தமானியின் முள் பிறரைவிட விரைவாக இறங்கும். அதைக் கண்டு இன்னும் அஞ்சுவார். இச்சுழலை அறுக்கும் இடம் ஒன்றுதான். மூச்சை உள்ளிழுப்பதில் கருத்து வையாமல், மெல்ல, முழுமையாக வெளிவிடுவதில் கருத்து வைத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் மார்கன் என்னும் அறிஞர் 1995இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். மூழ்குநருள் பாதிக்கும் மேற்பட்டோர் ஒருமுறையேனும் பெருங்கலக்கத்தையோ அதற்கு அண்மையான நிலையையோ அடைந்ததாகக் கூறியுள்ளனர் என அவர் காட்டினார். கலத்தில் காற்று இருந்தும், வாயிலிருந்த கருவியைத் தாமே பிடுங்கியெறிந்தோர் உண்டு என்பதும் நீர்மூழ்கு மருத்துவம் அறிந்த செய்தி. ஆகவே கலக்கம் கோழைகளுக்கு மட்டும் வருவதன்று.

குளிகாரர் கண்ட வழிகள்

நெடுநாள் இடைவெளிக்குப் பின் கடலுக்கு மீள்வது நம் கரைகளுக்குப் புதிதன்று. முத்துச் சிப்பிகள் ஆண்டுதோறும் விளைவதில்லை. 1928ஆம் ஆண்டுக் குளிப்புக்குப் பின் தூத்துக்குடியில் அடுத்த முத்துக்குளிப்பு 1955ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. அது 1961 வரை நடைபெற்றது, அதன்பின் நடைபெறவில்லை. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் ஒரு தலைமுறையே மாறியிருக்கும். ஆயினும் குளிகாரர் மூழ்குதலை மறக்கவில்லை. காரணம், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் சங்கு குளித்தனர். பெருந்தொழில் இல்லாத காலத்தில் சிறுதொழில் உடலைப் பழக்கத்தில் வைத்தது. இக்காலத்து மூழ்குநர்க்கு இது முதற்பாடம். ஆண்டுக்கு ஒருமுறை பெரும்பயணம் செய்ய இயலாதவர், ஆண்டில் சில முறை ஊர் நீச்சற்குளத்தில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் கொண்டு பழகினாலும் கைகள் முற்றும் மறவா.

இரண்டாவது, கயிறு. கல்லில் கால் ஊன்றிக் குளிகாரர் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட அளவில் சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பது வழக்கம் என்று கரையில் சொல்வர். உடன்பிறந்தாள் கைம்மை எய்துவதை எந்த மைத்துனனும் விரும்பான் என்பது அதன் கருத்து. மலைத்தேன் எடுப்போரைப் பற்றியும் இதனையே கூறுவர். நம்பிக்கை என்பதை வெறும் உணர்ச்சியாக விடாமல் உறவின் முறையால் கட்டி வைத்த அறிவு இதில் காணப்படுகிறது. இன்று கயிறு இல்லை, இணைமூழ்குநர் உண்டு. யார் எவர் என அறியாத ஒருவரைப் படகில் இணையாகச் சேர்த்துவிடுவது சுற்றுலா இடங்களின் வழக்கம். மீண்டு வருபவர் அதற்கு உடன்படலாகாது. தம் நிலையை அறிந்த, கையெட்டும் தொலைவில் நிற்க ஒப்புகின்ற ஒருவரையோ, தமக்கென ஒரு பயிற்சியாளரையோ கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, கடற்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்பதால் அவருக்கு அப்பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்றும், இரவில் அக்கட்டு அவிழ்க்கப்பட்டது என்றும் எழுதியுள்ளார். 1859இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். அவர் முத்துக்குளிப்பைக் காணச் சென்றபோது கடற்கட்டி நோயுற்றிருந்தாராம். தமக்கு மாறாக வேறொருவரை அனுப்பினாராம். வந்தவரோ தமக்கு அம்மந்திரம் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் தலைவரின் பதிலாளாகத் தாம் நிற்பதையே சுறாக்கள் மதிக்கும் என்று உறுதி கூறினாராம்.

இதனை நகைத்து ஒதுக்குவது எளிது. ஆனால் கடற்கட்டி இன்றிக் குளிகாரர் இறங்க மாட்டார் என்பதும் அந்நூலிலேயே உள்ளது. மந்திரம் சுறாவின் செவியில் விழுந்திராது. குளிகாரரின் நெஞ்சில் விழுந்திருக்கும். அமைதியுற்ற நெஞ்சு மூச்சைக் குறைவாகச் செலவிடும். ஒவ்வொரு நாளும், ஒரே முறையில், இறங்குமுன் செய்யப்பெறும் ஒரு சடங்கு அச்சத்துக்கு ஓர் எல்லை கட்டுகிறது.

இன்று அவ்விடத்தில் நிற்பது மூழ்குமுன் செய்யும் சோதனை. மிதவைச் சட்டையில் காற்று நிறைகிறதா, வெளியேறுகிறதா, எடைக்கச்சு சரியாக உள்ளதா, வேண்டும்போது கழலுமா, கொக்கிகள் எங்கே, காற்றுக்கலம் திறந்துள்ளதா, மூச்சுக்கருவியில் நாலைந்து முறை இழுக்கும்போதும் மானியின் முள் அசையாமல் நிற்கிறதா, இறுதியாக யாவும் நலமா என இருவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவும் ஒருவகைக் கட்டே. வேற்றுமை யாதெனில், இது நெஞ்சை மட்டும் அமைதிப்படுத்துவதோடு நில்லாமல் கருவியின் குறையையும் கண்டு காட்டுகிறது. வேறொருவர் தம் கருவியைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போக விட்டவர், மந்திரம் தெரியாத பதிலாளை நம்பியவரே ஆவார்.

மீளும் முறை

மீள்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மருத்துவப் படிவம். அதில் தரும் விடைகளின்படி மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படுமாயின் அவரை அணுகிய பின்னரே மேற்செல்ல வேண்டும். கடைசியாக மூழ்கிய ஆண்டினை உள்ளது உள்ளவாறு பயிற்சியாளரிடம் கூற வேண்டும். பின்னர் நீச்சற்குளம். முதலில் இடுப்பளவு நீரில், முகக்கண்ணாடி இல்லாமல், மூச்சுக்கருவியை வாயில் வைத்து முகத்தை நீரில் ஆழ்த்தி ஐந்து நிமிடம் மூச்சு விடுதல். மூக்கில் நீர் படும்போதும் வாய் தன் தொழிலைச் செய்யும் என்பதை உடல் இங்கேதான் கற்கிறது. பெரும்பாலான கலக்கத்தின் வேர் இவ்விடத்தில் உள்ளது. எனவே இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். அடுத்து, முகக்கண்ணாடியில் நீரை நிறைத்து, மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதி வெளியேற்றுதல். அடுத்து, நழுவிய கருவியை மீட்டல். இறுதியாக, நடுநீரில் அசையாது நிற்றல். ஒவ்வொன்றும் ஒருமுறை கைவந்தால் போதாது; சலிப்புத் தோன்றும் வரை செய்ய வேண்டும். சலிப்பே அச்சம் நீங்கியதன் அடையாளம்.

பின்னர்க் கடல். முதல் மூழ்கல் ஐந்தாறு மீட்டர் ஆழமுள்ள மணற்பரப்பில், நீரோட்டம் இல்லாத காலை வேளையில் அமைவது நன்று. புதிய கருவி, புகைப்படக் கருவி முதலியன அன்று வேண்டா. ஒரு கயிற்றைப் பற்றிக் கால் கீழாக இறங்குதல் வேண்டும். செவியில் வலி தோன்றும் முன்னரே, மீட்டருக்கு ஒருமுறையேனும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் வல்சால்வா பெயரால் வழங்கும் முறை இது. செவி திறவாவிடில் சற்று மேலே வந்து மீண்டும் முயலலாம். வலிந்து இறங்கினால் செவிப்பறை கெடும். கண்ணாடி வழியே பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நாலில் ஒரு பங்கு அண்மையிலும் தோன்றும். அருகில் வந்துவிட்டதாகத் தோன்றும் மீன் உண்மையில் அவ்வளவு அருகில் இல்லை என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம். மேலெழும்போது நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகமும், 5 மீட்டரில் மூன்று நிமிடத் தங்கலும் இக்காலத்து நெறி. பல முறை மூழ்கியபின் வானூர்தி ஏறுவதற்குப் பதினெட்டு மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும்.

நீரடியில் கலக்கம் எழுந்தால் செய்யத்தக்கதும் ஒரு வரிசையே. நிற்க வேண்டும், ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும், மெல்ல மூச்சை வெளிவிட வேண்டும், பின்னரே எண்ணிப் பார்த்துச் செயற்பட வேண்டும். கையை விரித்து இருபுறமும் அசைத்தால் இடர் உண்டு என்பது பொருள். கட்டைவிரலை உயர்த்தினால், நிலத்தில் உள்ளதுபோல் 'நன்று' என்பது பொருளன்று; 'மேலே செல்வோம்' என்பதே பொருள்.

இளிவரல் என்னும் பகை

இவ்வளவு தெளிவான முறை இருக்க, மீள்பவர் ஏன் இடருறுகின்றார்? அவர் கட்டைவிரலை உயர்த்தத் தயங்குவதால் என்பதே விடை. இங்கே மற்றொரு மெய்ப்பாடு குறுக்கிடுகிறது. அதுதான் இளிவரல். தாழ்ந்துவிட்டோம் என்னும் உணர்வாகிய இது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். மீண்டு வருபவரின் நிலையை இதனினும் சுருக்கமாக யாரும் கூறிவிட இயலாது. படகில் உள்ள இளைஞர்கள் விரைந்து கருவிகளைப் பூட்டுகின்றனர். இவர் விரல்கள் தடுமாறுகின்றன. தம்மால் பிறர் காத்திருக்கின்றனர் என்று எண்ணுகிறார். செவி வலிக்கிறது, சொல்லவில்லை. காற்று குறைகிறது, பிறர் இன்பத்தைக் கெடுப்பானேன் என்று கேட்டபோதும் நலம் என்றே சைகை காட்டுகிறார். அச்சம் அவரைக் கரைக்கு அழைத்தது. இளிவரல் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது.

அச்சமும் நாணமும் மடமும் மகளிர்க்கு உரியன என்றும், பெருமையும் வலிமையும் ஆடவர்க்கு உரியன என்றும் அகப்பொருள் மரபு பிரித்து வைத்தது. அகத்திணையில் அதற்குரிய பொருள் எதுவாயினும், வாழ்க்கையில் அப்பிரிவு ஆடவர்க்கும் நன்மை செய்யவில்லை. அஞ்சுகிறேன் என்று சொல்லும் உரிமையை அவர்களிடமிருந்து அது பறித்துவிட்டது. மகளிரும் ஆடவர் நடுவே இறங்கும்போது, பெண் என்பதால் அஞ்சினாள் என்ற சொல் எழுமே என்று எண்ணி அதே மௌனத்தை மேற்கொள்கின்றனர். நீரின் அழுத்தம் இவ்வேறுபாட்டை அறியாது.

இம்மௌனத்தை உடைக்கக் குகைகளில் மூழ்குவோர் ஒரு விதி வைத்துள்ளனர். மிகக் கடினமான மூழ்கலைச் செய்யும் வல்லுநர் அவர்கள். எவரும், எந்நேரத்திலும், எக்காரணத்தாலும் மூழ்கலை முடித்துக்கொள்ளலாம். காரணம் கேட்கவோ பழிக்கவோ கூடாது என்பதே அவ்விதி. மிகுந்த திறனுடையோரே தமக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்ட விதி, திறன் குறைந்தோர்க்கு இழிவாவது எங்ஙனம்?

ஆழமற்ற நீருக்கும் மதிப்பு உண்டு என்பதைக் கொரிய நாட்டின் ஜேஜு தீவுப் பெண்கள் காட்டுகின்றனர். ஹேன்யோ எனப்படும் இவர்கள் காற்றுக்கலமின்றி மூழ்கிக் கடல்படு பொருள் சேகரிப்பவர்கள். இவர்தம் மரபினை 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவர்கள் திறன்நோக்கி மூன்று நிலையினராகப் பிரிந்து, தத்தம் நிலைக்கேற்ற ஆழத்தில் மூழ்குகின்றனர். கரையோர ஆழமற்ற நீரில் ஒரு பகுதியை முதியோர்க்கென்றே ஒதுக்கிப் 'பாட்டியின் கடல்' என்று பெயரிட்டு, வலியோர் அங்கே இறங்காமல் காக்கின்றனர். முதுமையால் ஆழம் செல்லவியலாதவர் அங்கே கூச்சமின்றி மூழ்கலாம். இளிவரலின் முதற்களனாகிய மூப்புக்கு ஒரு சமுதாயம் கடலிலேயே இடம் அமைத்துக் கொடுத்த செய்தி இது. சுற்றுலாக் கடல்களில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆதலால் மீள்பவர் தமக்குரிய பாட்டியின் கடலைத் தாமே கேட்டுப் பெற வேண்டியவராகிறார்.

நிறைவாக ஒன்று. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டின் களன்களைக் கூறும்போது தொல்காப்பியர் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்று நிரல்படுத்துகிறார். அஞ்சாமையாகிய தறுகண் அதில் உண்டு. ஆயினும் கல்வியே முன் நிற்கிறது. பத்தாண்டுக்குப் பின் இடுப்பளவு நீரில் முகத்தை ஆழ்த்தி மூச்சு விடப் பழகும் நாற்பது வயதினர்க்குத் தறுகண் இல்லாதிருக்கலாம். அவர் மீண்டும் கற்கிறார். தெரியாததைத் தெரியாது என்கிறார். வேண்டும்போது கட்டைவிரலை உயர்த்துகிறார். பெருமிதம் கொள்ள அவருக்கு அது போதும். கரையில் நிற்போரும் உடன் இறங்குவோரும் அவர் கை உயர்ந்தபொழுது ஒரு சொல்லும் கேளாமல் உடன் மேலெழுவாராயின், பழைய குளிகாரரின் கயிறு இன்னும் அறுபடவில்லை என்று கொள்ளலாம்.